முத்துக்கு ஆயுள் நான்கு மணி நேரம்



கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள். அவளுடைய அறைத்தோழி தைவான் வம்சாவளிப் பெண். அந்தப் பெண்ணின் மாணவர் சங்கம் பல்கலைக்கழக மைதானத்தில் ‘நைட் மார்க்கெட்’ என்று ஒரு சாப்பாட்டுத் திருவிழா நடத்தப்போகிறதாம். “பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இவள் அங்கே போய் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் சார். ஒரு சாயங்காலக் கூத்துக்கு மாசக்கணக்கில் மீட்டிங் போடுகிறார்கள். பசங்க சமைத்துப் பசங்க சாப்பிடுவதற்கு இத்தனை ஏற்பாடா?” என்று கேட்கிறார். கடைசி வரியில், “நீங்கள் ஊர் சுற்றுகிறவர், சொல்லுங்கள்” என்று ஒரு செல்லக் குத்து வேறு.

இந்த இதழ் கல்லூரி விழாக்கள் சிறப்பிதழாக அமைந்ததால், அந்தக் கேள்விக்கான பதிலையே இம்முறை இந்தப் பக்கத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அம்மா, மாசக்கணக்கு தேவைதான். சொல்லப்போனால், அதுவும் பற்றாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தைவானிய அமெரிக்க மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ‘டாசா’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மிச்சிகன், டெக்சாஸ் ஆஸ்டின் போன்ற இடங்களில் இந்தச் சங்கங்கள் நடத்தும் நைட் மார்க்கெட் வளாகத்தின் பெரிய விழாக்களில் ஒன்று. தைவான் பிள்ளைகள் மட்டும் வருவதில்லை. பசித்த மாணவர்கள் எல்லா நாட்டிலிருந்தும் வருவார்கள், ஊர்க்காரர்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். மற்ற மாணவர் சங்கங்களும் ஆளுக்கொரு ஸ்டால் எடுத்து ஒரு பண்டம் விற்று, தங்கள் சங்கத்துக்குக் காசு சேர்த்துக்கொள்ளும்.

தைவானின் இரவுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதன் மூலம் எதுவென்று விளங்கும். தைபேயின் ராவ்ஹெ சந்தை சீயோ கோயில் வாசலில் தொடங்குகிறது. கீலுங் துறைமுக நகரின் சந்தைக்குப் பெயரே கோயில் வாசல் சந்தை. கும்பிட வந்த கூட்டத்துக்குப் பசிக்க, கூட்டத்தைத் தேடித் தள்ளுவண்டி வந்த கதை. நம் தேரடிக் கடைகள் திருவிழா முடிந்ததும் மூட்டை கட்டிவிடும், அங்கே தங்கிவிட்டன. அங்கே ஒரு கடைக்காரர் பெரும்பாலும் ஒரே பண்டம்தான் செய்வார். மிளகும் இறைச்சியும் பொதிந்த ரொட்டியைத் தந்தூரி அடுப்பு மாதிரியான உருளைக் களிமண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடுகிறவர், வாழ்நாள் முழுக்க அதையே சுடுவார். 2018இல் தைபேக்கு முதன்முதலாக மிஷலின் உணவகக் கையேடு வந்தபோது இப்படிப்பட்ட தள்ளுவண்டிக் கடைகளும் அதில் இடம்பிடித்தன.

இரவுச் சந்தையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தைவான் பள்ளிகளில் ஆண்டு விழாவன்று வகுப்புக்கு ஒரு கடை போடுவார்கள். காசு கிடையாது, முன்கூட்டியே விற்ற கூப்பன்தான். எட்டாம் வகுப்புப் பையன் தொண்டை வற்றக் கத்தி நூடுல்ஸ் விற்பான். மதியத்துக்கு மேல் விற்காத சரக்கை வகுப்பாசிரியர் தலையிலேயே கட்டுவான். தைவானில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்கா போகும் மாணவர்களுக்கு ஸ்டால் போடுவது புதிதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் எல்லாம் புதிது. சங்கத்தில் இந்த இரண்டு தரப்பும் உண்டு. உரசலும் அங்கேதான் ஆரம்பம்.

உரசல் என்றால் எதில்? மெனுவில்.

முதல் மீட்டிங்கில் ஒருவர் எழுந்து, “மாட்டிறைச்சி நூடுல்ஸ் இல்லாமல் தைவானா?” என்பார். சரிதான், உலகம் முழுக்க தைவானின் அடையாளச் சாப்பாடு அதுதான். 2005 முதல் தைபே நகரம் அதற்கென்று தனி விழாவே நடத்துகிறது. ஆனால் அந்தச் சூப் பிறந்தது 1949க்குப் பிறகு. சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து தீவுக்கு வந்தார்கள். வந்த சிப்பாய்கள் தங்கள் ஊர் நாக்குக்குக் காரமான அவரை விழுதைப் போட்டுக் காய்ச்சிய குழம்பு அது. அதற்கும் பல தலைமுறை முன்பே தீவில் உழுதுகொண்டிருந்த குடும்பங்களில், கூட உழைத்த மாட்டைத் தின்பதா என்று மாட்டிறைச்சியே தொடாத பெரியவர்கள் உண்டு. ஆகவே அதே மீட்டிங்கில் இன்னொரு பெண் எழுந்து, “என் பாட்டி அதை வாயில் வைக்க மாட்டார்” என்பாள். இரண்டு பேரும் தைவான்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

இது வெறும் நாக்குச் சண்டை இல்லை. தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் அரசு விருந்து என்றால் சீனப் பெருநிலத்தின் சமையல்தான். உள்ளூர்ப் பலகாரம் தெருவோரத்துக்கு உரியது. 2000 மே மாதம் சென் ஷுய்-பியன் அதிபராகப் பதவியேற்றபோது, அரசு விருந்தில் அவர் பிறந்த தைனான் பகுதியின் பண்டங்கள் இரண்டு பரிமாறப்பட்டன. ஒன்று, மீன் உருண்டை சூப். அந்த மீன் நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த பால்கெண்டைதான். மற்றொன்று, அரைத்த அரிசி மாவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே கொஞ்சம் இறைச்சி வைத்து, ஆவியில் வேகவைக்கும் பலகாரம். தெருப் பலகாரம் அரசு மேஜைக்கு வந்ததைத் தைவான்காரர்கள் இன்றும் பேசுவார்கள். இட்லி தின்று வளர்ந்த நமக்கு அந்தச் சந்தோஷம் சட்டென்று புரியும்.

அடுக்குகள் இன்னும் இருக்கின்றன. 1895 முதல் 1945 வரை தீவு ஜப்பான் வசம். இரவுச் சந்தையில் குழந்தைகள் வாங்கித் தின்னும், உள்ளே இனிப்புப் பயறு வைத்த சக்கரக் கேக் ஜப்பான் வழி வந்தது. போருக்குப் பின் அமெரிக்க உதவிக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. அரிசி தின்ற தீவில் நூடுல்ஸும் கோதுமைப் பலகாரங்களும் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் பழங்குடி மக்களில் அரசு அங்கீகரித்த இனங்கள் மட்டும் 16. தினையும், மூங்கில் குழாயில் வேகவைத்த சோறும், ‘மாகாவ்’ என்ற மலை மிளகும் அவர்களுடையவை. அமெரிக்க வளாகத்தில் அந்தச் சோற்றுக்கு ஒரு ஸ்டால் கிடைப்பது அபூர்வம். சங்கத்தில் அதைச் சமைக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். இல்லாதவருக்காகக் கேட்க ஆளும் இருக்காது.

இத்தனையையும் ஏழெட்டு ஸ்டாலுக்குள் அடக்க வேண்டும். முதல் மீட்டிங் ஏன் நள்ளிரவு வரை போகிறது என்று இப்போது தெரிகிறதா, அம்மா? உங்கள் மகள் அங்கே உட்கார்ந்திருந்தால், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு தேசத்தின் சரித்திரத்தைக் காது கொடுத்துக் கேட்டிருப்பாள்.

ஆனால், மெனுவைக் கடைசியில் தீர்மானிப்பது சரித்திரம் இல்லை, கணக்கு. இதை நான் ஒரு அமெரிக்க வளாகத்தில் விருந்தாளியாகப் போய் வரிசையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

சிப்பி ஆம்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் பழைய பண்டம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவைத் தண்ணீராகக் கரைத்து, சிப்பிச் சதை, முட்டை, கீரையோடு கல்லில் ஊற்றினால், ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் கொழகொழவென்றும் வரும். மேலே இனிப்பும் காரமுமான சாஸ். தைவானில் கடைக்காரர் அகலமான இரும்புக் கல்லில் ஒரே சமயத்தில் பத்துக்கு மேல் வார்ப்பார். மாணவர்களிடம் இருப்பதோ இரண்டு தோசைக்கல் அளவு தட்டு. ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 30. நான்கு மணி நேரத் திருவிழாவில் 120. வரிசையில் நிற்கிறவர்களோ அதைப்போல் பல மடங்கு. சிப்பி சீக்கிரம் கெடுகிற சரக்கு வேறு, ஐஸ் பெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். பட்டியலிலிருந்து முதலில் அடிபடுவது அதுதான்.

அதே நேரத்தில் தேநீர் முட்டையைப் பாருங்கள். ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விட்ட அவித்த முட்டையை, தேயிலை, சோயா சாஸ், அன்னாசிப்பூ, பட்டை போட்ட நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்து ஊறவிட்டால் போதும். உரித்தால் பளிங்குக் கோடுகள். விழாவில் ஒரு சட்டி, ஒரு கரண்டி, கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சோயாவில் சுண்டிய பன்றிக்கறியைச் சோற்றின் மேல் ஊற்றித் தருவதும் அப்படித்தான். ஒரு பெரிய அண்டா, ஒரு ரைஸ் குக்கர், ஆளுக்கு பதினைந்து நொடி. இப்படி அண்டாவில் காத்திருக்கக்கூடியவை உள்ளே வருகின்றன. கல்லில் ஒவ்வொன்றாக வார்க்க வேண்டியவை வெளியே போகின்றன. ஒரு தீவின் சமையலில் எது உலகத்துக்குத் தெரிய வருகிறது என்பதை இந்தக் கணக்கு ஓசைப்படாமல் முடிவுசெய்துவிடுகிறது.

பொரித்த கோழித் துண்டு எல்லா வளாகத்திலும் ஜெயிக்கும். கடி அளவுத் துண்டுகளை சர்க்கரைவள்ளி மாவில் புரட்டி எண்ணெயில் போட்டு, எடுப்பதற்குச் சில நொடி முன்னால் ஒரு கை துளசி இனத்து இலையை உள்ளே வீசுவார்கள். படபடவென்று வெடிக்கும் அந்தச் சத்தமும் மணமும் வந்தால் வரிசை தானாக நீளும். வெள்ளை மிளகும் உப்பும் ஐந்து மசாலாப் பொடியும் தூவி, காகிதப் பையில் போட்டுக் குலுக்கி, குத்தித் தின்ன ஒரு மூங்கில் குச்சி. தட்டு கழுவ வேண்டாம். ஆனால் கொதிக்கும் எண்ணெய் என்றால் தீயணைப்பு அனுமதி, சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள அணைப்பான், தீப்பிடிக்காத துணியில் கூடாரம், ஆறிய எண்ணெயைச் சேகரித்து அனுப்ப ஏற்பாடு எல்லாம் வேண்டும்.

அனுமதிச் சங்கதிகளை நான் நீட்டப்போவதில்லை. படிக்கும்போதே கொட்டாவி வரும். சுருக்கமாக: வீட்டுச் சமையலறையில் சமைத்ததை விற்கக் கூடாது, அனுமதி பெற்ற சமையற்கூடம் வேண்டும். சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. ஸ்டாலுக்கு ஸ்டால் குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரமும் சோப்பும் கீழே ஒரு வாளியும். வேர்க்கடலை, எள், சோயா, கோதுமை இருந்தால் எழுதி ஒட்ட வேண்டும். காசு வாங்கும் கை உணவைத் தொடக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் பள்ளிக் காலத்துக் கூப்பன் கைகொடுக்கிறது. வாசலிலேயே ஒரு மேஜையில் டோக்கன் விற்றுவிட்டால், கடைகளில் சில்லறைத் தகராறு இல்லை.

இனி, தலைப்பில் சொன்ன முத்து.

தைவான் என்றதும் இளசுகளுக்கு நினைவு வருவது முத்து போட்ட பால் தேநீர். சென்னையிலேயே இன்று கிடைக்கிறது. 1980களில் பிறந்த பானம். தைச்சுங் நகரின் ஒரு தேநீர்க் கடையும் தைனான் நகரின் ஒரு தேநீர்க் கடையும் நாங்கள்தான் முதலில் என்று பத்தாண்டுக் காலம் வழக்காடின. யாரும் காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் போடலாம், யார் முதல் என்று பார்க்க அவசியமில்லை என்று 2019இல் விவகாரம் முடிந்தது. வழக்கு நடந்த காலத்தில் பானம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

அந்தக் கறுப்பு முத்து வேறொன்றுமில்லை, மரவள்ளிக் கிழங்கு மாவு. நம் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசிக்கு நேர் உறவு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் மரவள்ளியிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். 1981இல் அதற்கென்று ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கமும் வந்தது. பாயசத்தில் போட்டுக் கண்ணாடியாக்கி நாம் சாப்பிடுவதை, அவர்கள் பெரிதாக உருட்டி, கருஞ்சர்க்கரையில் ஊறவைத்து, தடித்த உறிஞ்சுகுழலில் இழுக்கிறார்கள்.

நான் பார்த்த விழாவில் முத்து வேகவைக்கும் பொறுப்பு ஒரு ஒல்லிப் பையனிடம் இருந்தது. பொறியியல் மாணவன். கழுத்தில் மூன்று டைமர்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் முத்தைக் கொட்ட வேண்டும், முன்னால் போட்டால் கரைந்து கூழாகிவிடும் என்றான். முத்துக்கு ஏழெட்டு மடங்கு தண்ணீர். மிதந்து மேலே வந்ததும் மூடி, அரை மணி வேகவைத்து, அடுப்பை அணைத்து இன்னொரு அரை மணி அப்படியே விட வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. அப்புறம் அலசி, சர்க்கரைப் பாகில். “இதிலிருந்து நாலு மணி நேரம் சார், அதற்கு மேல் ரப்பர்” என்றான். ஃப்ரிட்ஜில் வைத்தாலோ கல்லாகிவிடும். ஆகவே முந்தின நாளே செய்து வைக்க வழியில்லை. வாசல் ஆறு மணிக்குத் திறக்கிறது என்றால் முதல் சட்டி நாலே முக்காலுக்கு ஏற வேண்டும். அதன் பிறகு மணிக்கு ஒரு சட்டி. மழை வந்து கூட்டம் ஒதுங்கினால் ஒரு சட்டி முத்து குப்பைக்குப் போகும். திடீரென்று கூட்டம் பெருகினால் ஒரு மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. முந்தைய மூன்று வருஷத்து விற்பனைக் கணக்கை ஒரு பழுப்பு நோட்டிலிருந்து வாசித்துவிட்டு, எந்த மணிக்கு எவ்வளவு கிலோ என்று அவன் போட்டுவைத்திருந்த அட்டவணையை நம் கல்யாண காண்ட்ராக்டர்கள் பார்த்தால் மெச்சுவார்கள்.

முத்து வாங்குவதும் லேசில்லை. 2021 வசந்த காலத்தில் அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல்கள் தேங்கியபோது நாடு முழுக்க முத்துத் தட்டுப்பாடு வந்தது. பெரிய கடைகளே பலகை வைத்தன. அதற்குப் பிறகு புத்தியுள்ள சங்கங்கள் அதை முதலில் வாங்கிப் பத்திரப்படுத்துகின்றன.

அந்தப் பழுப்பு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரிச் சங்கங்களுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கற்றுக்கொண்டவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். அடுத்த ஆண்டு புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார். எந்தக் கடையில் கரண்ட் ட்ரிப் ஆனது, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல், வெங்காயத்தாள் எத்தனை கட்டு மீந்தது, எந்த ஸ்டாலின் வரிசை எந்த ஸ்டாலை மறைத்தது, இதெல்லாம் எழுதி வைத்த சங்கத்தின் விழா ஆண்டுக்கு ஆண்டு தேறும். போஸ்டரையும் படங்களையும் மட்டும் சேர்த்து வைத்த சங்கம் வருஷா வருஷம் அதே இடத்தில் தடுக்கி விழும். நம்மூர்க் கல்லூரிகளிலும் இதுதான் நடக்கிறது என்று நான் சொன்னால் பேராசிரிய நண்பர்கள் கோபிக்கலாம். கோபிக்கட்டும்.

சைவம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். தைவானில் சைவச் சாப்பாட்டுக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது, பௌத்தத்தின் வழி. சைவம் என்று விற்கும் பாக்கெட் உணவில் எந்த வகைச் சைவம் என்று அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். முழுச் சைவம், முட்டை சேர்த்தது, பால் சேர்த்தது, இரண்டும் சேர்த்தது, வெங்காயம் பூண்டு வகையறா சேர்த்தது என்று ஐந்து பிரிவு. ஏகாதசிக்குப் பூண்டு தள்ளும் நம் வீட்டுப் பாட்டிகள் அங்கே போனால் தடுமாற மாட்டார்கள். இவ்வளவு இருந்தும், வளாக விழாக்களில் சைவத்துக்கு வெங்காயத்தாள் ரொட்டி ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் குறை. அந்த ரொட்டி அருமையானதுதான். நம் பரோட்டா போலவே எண்ணெய் தடவிச் சுருட்டி மறுபடி தேய்த்து அடுக்கு அடுக்காக எடுப்பது. ஆனாலும் ஒரு ரொட்டியில் ஒரு பாரம்பரியத்தை அடக்குவது நியாயமில்லை.

இந்த இடத்தில், கேட்காமலே ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். விழா நடத்தும் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள். கோழி, முத்து, ரொட்டி எல்லாம் இருக்கட்டும். ஒரே ஒரு ஸ்டாலையாவது கணக்குக்குக் கொடுக்காமல், யாருக்கும் தெரியாத ஒரு பண்டத்துக்கு விடுங்கள். என்னைக் கேட்டால் ‘ஐயு’.

ஐயு தைவான் மலைகளில் மரத்தைப் பற்றி ஏறும் ஒரு அத்திக் கொடி. அதன் காயைப் புறம் திருப்பிக் காயவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் பொடி விதைகளைச் சுரண்டி எடுப்பார்கள். விதையைத் துணிப்பையில் கட்டி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, பிசைந்துகொண்டே இருந்தால், வழவழவென்று ஒரு சாறு இறங்கும். அப்படியே ஆடாமல் வைத்தால் சிறிது நேரத்தில் தங்க நிறத்தில் உறைந்துவிடும். அடுப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, ஜெலட்டின் கிடையாது. தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். வடித்த சுத்த நீரில் உறையாது. கையிலோ பாத்திரத்திலோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சரியாக உறையாது. உறைந்ததை வெட்டி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் ஐஸும் போட்டுத் தருவார்கள். வெயிலில் நம் நுங்கு செய்யும் வேலையை அது செய்யும். கேஸ் சிலிண்டர் இல்லை, தீயணைப்பு அனுமதி இல்லை, முழுக்க முழுக்கச் சைவம். கையுறை போட்ட ஒரு மாணவர் தொட்டியில் விதைப் பையைப் பிசைந்துகொண்டு நின்றாலே வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். விதை தைவானிலிருந்து வர வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒருவரிடம் நாலு மாதம் முன்னால் சொல்லிவைத்தால் அதுவும் தீரும். மாசக்கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு பதில்.

சாப்பாடு மட்டும் வைத்தால் அது கேன்டீன், சந்தை ஆகாது. வளையம் எறிதல், பலூன் சுடுதல், ஆணி அடித்த பலகையில் கோலி உருட்டுதல் எல்லாம் வேண்டும். தைவானில் சாஸேஜ் வண்டிக்காரரிடம் பகடை உருட்டலாம். ஜெயித்தால் கூடுதலாகக் கிடைக்கும், தோற்றால் காசு போயிற்று. அமெரிக்க வளாகத்தில் காசு வைத்துப் பகடை என்றால் நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது. ஆகவே டோக்கனுக்குப் பொம்மை என்று மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டு குச்சிக்கு நடுவே கயிற்றில் உடுக்கை வடிவ உருளையைச் சுழற்றி வானத்துக்கு வீசிப் பிடிக்கும் வித்தை ஒன்று உண்டு, தைவான் பிள்ளைகள் பள்ளியிலேயே பழகுவது. அதை மேடையில் விட்டால் ஸ்டால் வரிசைகள் பாதியாகக் கரையும். நான் பார்த்த விழாவில் சமையல்காரர்கள் மூச்சுவிடுவதற்காகவே நிகழ்ச்சி நிரலில் அதைக் கூட்டம் அதிகமான நேரத்தில் வைத்திருந்தார்கள். நல்ல மூளை.

குப்பையையும் சொல்லிவிட வேண்டும். தைபேயில் 2022 டிசம்பரிலிருந்து பானக் கடைகளில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை. வீட்டுக் குப்பையோ, தைவானில் மணியடித்து அல்ல, பாட்டுப் போட்டு வாங்கப்படும். குப்பை லாரி பீத்தோவனின் ‘எலீஸுக்காக’ என்ற இசையை ஒலித்துக்கொண்டு வரும், ஜனங்கள் பையோடு ஓடுவார்கள். நான் போன விழாவில் கடை கட்டும் நேரத்தில் ஒலிபெருக்கியில் திடீரென்று அதைப் போட்டார்கள். மற்றவர்கள் ஏதோ நல்ல இசை என்று நின்று கேட்டார்கள். தைவானில் வளர்ந்தவர்கள் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி, கையில் இருந்த காகிதத் தட்டோடு குப்பைத் தொட்டியைப் பார்த்து ஓடினார்கள்.

லாபம் எவ்வளவு வரும் என்று கோவை அம்மா கேட்கவில்லை. ஆனால் மற்ற வாசகர்கள் கேட்பீர்கள். கூடாரம், மின்சாரம், அனுமதிக் கட்டணம், சமையற்கூட வாடகை போக, பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பல இடங்களில் மாணவர் பேரவையின் நிதியும் ஊரில் உள்ள தேநீர்க் கடைகளின் நன்கொடையும் இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். மிஞ்சினால் அடுத்த ஆண்டின் முன்பணம்.

தைவானில் படிக்கும், ஆராய்ச்சி செய்யும் தமிழர்கள் நிறைய. சிஞ்சு நகரின் தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் மட்டுமே கணிசமாக இருக்கிறார்கள். தைவான் தமிழ்ச் சங்கம் அங்கே பொங்கலும் கொண்டாடுகிறது. அதாவது, கோவைப் பெண் அமெரிக்காவில் தைவான் சமையலுக்கு வெங்காயத்தாள் நறுக்கும் அதே வேளையில், தைவானில் ஏதோ ஒரு விடுதிச் சமையலறையில் நம் பிள்ளை ஒருவன் ஐம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டப் பாத்திரம் பற்றாமல் திண்டாடிக்கொண்டிருக்கக்கூடும். அவர்களில் யாராவது இந்த இதழைப் படித்தால், அங்கே வளாக விழாவில் ஸ்டால் போட்ட அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். வெல்லத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

நம் ஊர்க் கல்லூரிகளில் உணவுத் திருவிழா நடத்திய மாணவர்களும் எழுதலாம். இந்த இதழில் கல்லூரி விழாக்களைப் பற்றி வந்திருக்கும் கட்டுரைகளில் மேடையும் பாட்டும் நிறைய இருக்கின்றன, அடுப்படி குறைவு. அந்தக் குறையை அடுத்த இதழில் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். என்ன சமைத்தீர்கள், எதில் சண்டை வந்தது, எது விற்றது, எது மீந்தது என்று விவரமாக எழுதுங்கள். வரவு செலவுத் தாளின் நகலும் இருந்தால் கூடவே வையுங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.

கோவை அம்மாவுக்கு: மகளிடம் சொல்லி, அந்தத் தோழியிடமிருந்து வெங்காயத்தாள் ரொட்டியின் செய்முறையை வாங்கி அனுப்ப முடியுமா? எங்கள் சமையல் பக்கத்தின் ஆசிரியை இரண்டு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்